விளையாட்டில் விளைந்த அறிவியல்

அறிவியல் என்னும் சொல்லைக் கேட்டதும் ஆய்வுக்கூடமே பலருடைய மனக்கண்முன் தோன்றும். வரிசையாக அடுக்கிய கண்ணாடிக் குடுவைகளும், நுண்பொருளைப் பெருக்கிக் காட்டும் கருவிகளும், வெண்ணிற மேலங்கி அணிந்து குனிந்து நோக்கும் அறிஞரும் அச்சொல்லோடு பிணைந்தே நினைவுக்கு வருவர். இவையெல்லாம் அறிவியலின் புறத்தோற்றங்கள். அதற்கு உயிராக விளங்குவது ஒரு மனப்பழக்கம். கண்டதைக் கூர்ந்து நோக்குதல், அதற்குக் காரணம் இதுவாகலாம் எனக் கருதுகோள் ஒன்றை அமைத்தல், அக்கருதுகோளைச் சோதனையால் அளந்து பார்த்தல், சோதனை மறுத்தால் அதனைத் தயங்காமல் கைவிடுதல், கண்ட முடிவைப் பிறர்முன் வைத்து அவர்தம் மறுப்புக்கும் செவிசாய்த்தல் என அப்பழக்கம் ஐந்து படிகளை உடையது. இப்படிகளில் ஏறிச் செல்பவர் எவ்விடத்தில் இருப்பினும் அறிவியல் நெறியில் நிற்பவரே ஆவர்.

இம்மனப்பழக்கம் எவரும் எதிர்பாராத ஓரிடத்தில் செழித்து வளர்ந்திருப்பதை அண்மைக்கால ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. இணையத்தின் வழியே பலர் கூடி ஆடும் கணினி விளையாட்டுகளே அவ்விடம். பிள்ளைகள் திரையின் முன் அமர்ந்து பொழுதைப் போக்குகின்றனரே என்று பெற்றோர் கவலைப்படுவது உண்டு. அக்கவலைக்குக் காரணமும் உண்டு. ஆயினும், அவ்விளையாட்டுகளை ஆடுவோருள் ஒரு சாரார் ஆட்டத்தோடு நின்றுவிடவில்லை. ஆட்டத்தின் விதிகளை ஆராயத் தலைப்பட்டனர், அளந்தனர், கணக்கிட்டனர், வாதிட்டனர். அவர்கள் செய்தது யாது என்பதை அறிந்தால், அறிவியல் மனப்பான்மை யாது என்பதும் விளங்கும்.

அமெரிக்க நாட்டு நிறுவனமாகிய பிளிசார்டு எண்டர்டெயின்மென்ட், 2004ஆம் ஆண்டு நவம்பரில் 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. மலைகளும் காடுகளும் நகரங்களும் நிறைந்த ஒரு கற்பனை உலகத்தில் நிகழும் விளையாட்டு அது. 2010ஆம் ஆண்டில் அதற்குக் கட்டணம் செலுத்தி ஆடியவர் தொகை ஒரு கோடியே இருபது இலட்சத்தை எட்டியது. ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு வேடம் பூணுவர். ஒருவர் முன்னின்று அடி தாங்கும் வீரராவார். ஒருவர் தொலைவிலிருந்து தாக்கும் மந்திரவாதியாவார். மற்றொருவர் காயமுற்றோரைக் குணப்படுத்தும் குருவாவார். கொடிய பகை ஒன்றை வெல்ல, தொடக்க ஆண்டுகளில் நாற்பது பேர்வரை ஒன்றுகூடிப் பொருதனர். அந்நாற்பதின்மரும் வெவ்வேறு ஊர்களில் தத்தம் வீட்டிலிருந்தே ஆடினர். அவருள் ஓரிருவர் கணக்குத் தவறினாலும் அனைவரும் தோற்க நேரிடும்.

இவ்வுலகத்தில் ஆடுவோரின் நிலை, இயற்கையின் முன் நிற்கும் மனிதரின் நிலையை ஒத்திருந்தது. விளைவுகள் கண்ணுக்குத் தெரிந்தன. அவ்விளைவுகளைத் தோற்றுவிக்கும் விதிகள் பெரும்பாலும் மறைந்திருந்தன. ஒரு வாள் எத்துணை வலிமையுடையது என்பதற்குச் சில எண்களைத் திரை காட்டும். அவ்வெண்கள் ஒன்றோடொன்று எவ்வாறு கூடிப் பெருகி இறுதி விளைவைத் தருகின்றன என்பதை அது முழுதும் விளக்குவதில்லை. எனவே விதியை அறிய விரும்பியோர் விளைவுகளிலிருந்து பின்னோக்கிச் சென்று அதனைத் தேட வேண்டியதாயிற்று.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். குணப்படுத்தும் வேடம் பூண்ட ஒருவரிடம் இரண்டு மந்திரங்கள் உள்ளன என்று கொள்க. முதல் மந்திரத்துக்கு 100 அலகு ஆற்றல் செலவாகும். அது 500 அலகு நலம் தரும். இரண்டாம் மந்திரத்துக்கு 250 அலகு செலவாகும். அது 1,000 அலகு நலம் தரும். எது சிறந்தது? வகுத்துப் பார்ப்பவர், முதல் மந்திரம் ஓர் அலகு ஆற்றலுக்கு 5 அலகு நலமும் இரண்டாவது 4 அலகு நலமும் தருவதைக் கண்டு, சிக்கனமான முதல் மந்திரமே சிறந்தது என்று முடிவு கூறுவார்.

அப்பொழுது தோழர் ஒருவர் குறுக்கிட்டு, "காலத்தை மறந்துவிட்டீர்களே!" என்கிறார். முதல் மந்திரத்தைச் சொல்லி முடிக்க 3 நொடி ஆகின்றது; இரண்டாவதற்கு 2 நொடியே போதும். 6 நொடியில் முதல் மந்திரம் 1,000 அலகு நலம் தரும். இரண்டாவது 3,000 அலகு தரும். பகை ஒவ்வொரு நொடியும் 300 அலகு ஊறு விளைவித்தால், அந்த 6 நொடியில் இழப்பு 1,800 ஆகும். சிக்கனத்தை நம்பியவருடைய தோழர் அதற்குள் வீழ்ந்துவிடுவார். மூன்றாமவர் ஒருவர் மற்றொரு வினாவை எழுப்புகிறார். "போர் நெடுநேரம் நீடித்தால் இரண்டாம் மந்திரத்துக்கு வேண்டிய ஆற்றல் விரைவில் தீர்ந்துவிடாதா?" என்பது அவர் வினா. இப்பொழுது 'எது சிறந்தது' என்னும் பழைய வினா மாறி, 'எந்நிலையில் எது சிறந்தது' என்னும் புதிய வினாவாகின்றது. செலவு, காலம், பகையின் வலிமை, போரின் நீளம் ஆகிய யாவும் ஒன்றையொன்று பற்றி நிற்கும் ஓர் அமைப்பாக அவர்கள் கண்முன் விரிகின்றது. ஒன்றை மாற்றினால் மற்றவையும் மாறும் என்னும் இவ்வுணர்வு அறிவியலில் மிக இன்றியமையாதது.

தற்செயலை இனங்காணும் திறனும் இவ்விளையாட்டில் தேவைப்பட்டது. ஒருவர் புதிய கணையாழி ஒன்றை அணிகிறார். பத்து முறை தாக்கியதில் மூன்று பேரடிகள் விழுகின்றன. முன்பு பத்துக்கு இரண்டே விழுந்தன. "கணையாழியால் என் வலிமை கூடிற்று" என்று அவர் மகிழ்கிறார். பட்டறிவு மிக்க தோழரோ அதனை ஏற்பதில்லை. நாணயத்தைப் பத்து முறை சுண்டி ஆறு முறை தலை விழுந்தால் நாணயம் கோணல் என்று எவரும் கூறார். அதுபோலவே, பத்தில் ஒன்று கூடியது தற்செயலாகவும் இருக்கலாம். "ஆயிரம் முறை தாக்கி எண்ணிப் பாருங்கள்" என்பதே அத்தோழரின் விடை. ஆயிரத்தில் 300 பேரடிகள் விழுமானால் அவ்வேறுபாட்டைத் தற்செயல் என்று தள்ளுவது அரிது. 205 மட்டுமே விழுமானால் கணையாழியால் பயன் விளைந்ததாகக் கொள்ளச் சான்று இல்லை. அந்நிலையில் ஆயிரம் முறை அடித்து எண்ணிய அதே மனிதர், தம் கருத்தைத் தாமே கைவிட வேண்டும். அது எளிய செயலன்று. தம் உழைப்பும் விருப்பமும் ஒரு பக்கம் இழுக்க, எண்கள் மற்றொரு பக்கம் நிற்கும்பொழுது, எண்களின் பக்கம் சாய்வதற்கு மனத்திண்மை வேண்டும்.

ஆடுவோர் இவ்வாராய்ச்சிக்குத் 'தியரிகிராஃப்ட்' என்று பெயரிட்டு வழங்கினர். கோட்பாடு அமைக்கும் கலை என்பது அதன் பொருள். எண்களைக் குறித்துவைத்தனர், அட்டவணைகளில் வகுத்தனர், வாய்பாடுகளாகத் தொகுத்தனர். போரையே கணக்கால் நடத்திப் பார்க்கும் கணினி நிரல்களையும் சிலர் எழுதினர். இவற்றை எவரும் அவர்களுக்குப் பாடமாக வைக்கவில்லை. தேர்வும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. அறிய வேண்டும் என்னும் அவாவும், தோழரோடு கூடி வெல்ல வேண்டும் என்னும் ஊக்கமுமே அவர்களை இயக்கின.

இச்செயல்களை அறிஞர் சிலர் கருத்தோடு நோக்கினர். அமெரிக்காவின் விஸ்கான்சின் - மாடிசன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கான்ஸ்டன்ஸ் ஸ்டைன்குலர், ஷான் டங்கன் ஆகிய இருவரும் 2008ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். மேற்கூறிய விளையாட்டை ஆடுவோர் எழுத்தால் நடத்திய 85 கலந்துரையாடல்களில் அமைந்த 1,984 பதிவுகளை அவர்கள் எடுத்து ஆராய்ந்தனர். வெட்டிப் பேச்சே மிகுந்திருக்கும் என்று பிறர் எண்ணக்கூடும். ஆய்வின் முடிவோ வேறாக இருந்தது. ஏறத்தாழ 86 விழுக்காடு பதிவுகள், பலர் கூடி ஓர் அறிவைக் கட்டியெழுப்பும் முயற்சியாக அமைந்திருந்தன. பாதிக்கு மேற்பட்டவற்றில், பல கூறுகள் ஒன்றையொன்று பாதிக்கும் அமைப்பாக விளையாட்டைக் காணும் நோக்கு வெளிப்பட்டது. பத்தில் ஒரு பங்கு பதிவுகளில், மறைந்திருக்கும் விதியை விளக்க மாதிரி அமைத்து ஆராயும் முறையும் காணப்பட்டது.

அவ்வாய்வில் மற்றொரு செய்தி இன்னும் ஆழமானது. அறிவைப் பற்றி மனிதர் கொள்ளும் மனநிலைகளை மூவகையாகப் பிரிக்கலாம். "உண்மை ஒன்றே; அதனை அறிந்த பெரியோர் சொல்லிவிட்டனர்; கேட்டுக்கொள்வதே கடன்" என்பது முதல் வகை. "ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து, எல்லாக் கருத்தும் சமமே, எதனையும் தவறு என்று கூறலாகாது" என்பது இரண்டாம் வகை. "கருத்துகள் பலவாக இருக்கலாம்; ஆனால் சான்றைத் துலாக்கோலில் இட்டு நிறுத்தால் சில கனக்கும், சில மேலெழும்" என்பது மூன்றாம் வகை. முதல் வகையினர் வினவ அஞ்சுவர். இரண்டாம் வகையினர் விடைகாண முயலார். மூன்றாம் வகையினரே அறிவை வளர்ப்பவர். ஆராயப்பட்ட பதிவுகளில் ஏறத்தாழ 65 விழுக்காடு இம்மூன்றாம் வகை மனநிலையைக் காட்டின.

இதற்குக் காரணமும் அவ்விளையாட்டின் இயல்பிலேயே அமைந்திருந்தது. அங்குப் பேசுவோரின் வயதும் பட்டமும் பதவியும் பிறருக்குத் தெரியா. பதினைந்து வயதுச் சிறுவரும் ஐம்பது வயதுப் பொறியாளரும் புனைபெயரோடு அருகருகே நின்று வாதிடலாம். "நான் சொல்கிறேன், நம்புக" என்று கூறினால் அது எடுபடாது. "நான் இத்தனை முறை செய்து பார்த்தேன், விளைவு இது, நீங்களும் செய்து பாருங்கள்" என்பதே அங்குச் செல்லுபடியாகும் சொல். செய்து பார்க்க எவராலும் இயலும். ஆதலால் பொய்யான கூற்று நெடுநாள் நிலைத்திருக்க வழியில்லை. அறிவியற் கழகங்கள் பல தலைமுறைகளாகப் போற்றிவரும் மறுசோதனை என்னும் மரபு, இங்கே விளையாட்டுத் தோழரிடையே இயல்பாக முகிழ்த்தது.

ஆயினும் இவ்விடத்தில் ஒரு தடை எழும். அவ்விளையாட்டின் விதிகள் மனிதர் எழுதியவை. அவற்றை எழுதியவர் நினைத்தால் நாளையே மாற்றியும் விடலாம். மனிதர் எழுதிய விதியைக் கண்டுபிடித்தவர், எவரும் எழுதாத இயற்கையின் விதியையும் கண்டறிய வல்லரோ? விளையாடுவோரின் திறம் இயற்கை என்னும் நடுவர்முன் நிற்குமோ? இவ்வினாவுக்கு மற்றொரு விளையாட்டு விடை அளித்தது. அதனை அறிவதற்குமுன் புரதங்களைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும்.

உயிருள்ள உடலின் பெரும்பாலான பணிகளைச் செய்பவை புரதங்கள். குருதியில் உயிர்வளியைச் சுமந்து செல்வதும், உண்ட உணவைச் செரிக்கச் செய்வதும், நோய்க்கிருமியை எதிர்ப்பதும் அவற்றின் தொழில்களே. புரதம் என்பது அமினோ அமிலங்கள் மணிகளைப்போலக் கோக்கப்பட்ட ஒரு நீண்ட சரம். அம்மணிகள் பெரும்பாலும் இருபது வகைப்படும். சரம் நீண்டு கிடந்தால் பயனில்லை. அது தனக்கே உரிய ஒரு வடிவத்தில் மடிந்து சுருண்டால்தான் தன் தொழிலைச் செய்யும். பூட்டுக்குத் திறவுகோல்போல வடிவமே அதன் வலிமை. நூறு மணிகளைக் கொண்ட சிறு சரம்கூட எண்ணிலடங்கா வகைகளில் மடியக்கூடும். அவற்றுள் இயற்கை தேர்ந்துகொண்ட வடிவம் எது என்பதை அறிவது நெடுங்காலம் பெரும்புதிராக இருந்தது. பொதுவாக, மிகக் குறைந்த ஆற்றலுடன் அமைதியாக நிற்கும் வடிவமே அதன் இயல்பான வடிவம் என்பது அறிஞர் கண்ட உண்மை.

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்திலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேக்கர் என்னும் அறிஞரின் குழுவினர், இவ்வடிவத்தைத் தேட 'ரொசெட்டா' என்னும் கணினி நிரலை உருவாக்கினர். தேடலுக்குப் பெருங்கணிப்பு வேண்டியிருந்தமையால், 2005ஆம் ஆண்டில் பொதுமக்களின் வீட்டுக் கணினிகள் ஓய்ந்திருக்கும் நேரத்தைக் கொடையாகப் பெறத் தொடங்கினர். கணினி தேடும் காட்சி திரையில் ஓடும். அதனைக் கண்டிருந்த மக்களுள் சிலர், "கணினி தடுமாறுகின்றதே! இந்தப் பகுதியைச் சற்றுத் திருப்பினால் பொருந்துமே!" என்று எண்ணினர். கண்ணால் கண்டு கையால் பொருத்தும் மனிதத் திறனை ஏன் வீணாக்க வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. பேக்கரோடு சோரன் பொப்போவிச், செத் கூப்பர் முதலிய கணினி அறிஞர் சேர்ந்து உழைத்ததன் பயனாக, 2008ஆம் ஆண்டில் 'ஃபோல்டிட்' என்னும் இணைய விளையாட்டு வெளிவந்தது.

ஃபோல்டிட் விளையாட்டில் திரையில் தோன்றும் புரதச் சரத்தை ஆடுவோர் இழுக்கலாம், முறுக்கலாம், மடிக்கலாம். வடிவத்தின் ஆற்றல் குறையக் குறைய மதிப்பெண் உயரும். ஆடியோருள் மிகப் பலர் உயிர்வேதியியலை முறையாகக் கற்காதவர். ஆயினும் 2010ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் வெளியான கட்டுரை, அவர்களுடைய திறமையை உலகுக்கு அறிவித்தது. பத்துப் புதிர்களில் ஐந்தில் அவர்கள் ரொசெட்டா நிரலை விஞ்சினர், ஏனையவற்றுள் சிலவற்றில் அதற்கு நிகராக நின்றனர், சிலவற்றில் பின்தங்கினர். அவர்கள் வென்ற வழி நோக்கத்தக்கது. நல்ல வடிவத்தை அடைவதற்காக, இருக்கும் வடிவத்தைக் கலைத்து மதிப்பெண்ணை இழக்கவும் அவர்கள் அஞ்சவில்லை. மலையின் சிகரத்தை அடைய விரும்புவோர் சில வேளை பள்ளத்தில் இறங்கித்தான் மறுபக்கம் ஏற வேண்டும். கைவந்ததை இழக்கத் துணியாதவர் சிறுகுன்றின் உச்சியிலேயே நின்றுவிடுவர்.

அடுத்த ஆண்டே மெய்யான ஒரு சோதனை வந்தது. மேசன் - ஃபைசர் குரங்கு வைரஸ் என்பது குரங்குகளுக்கு எய்ட்ஸ் போன்ற நோயைத் தரும் ஒரு நச்சுயிரி. அது பெருகுவதற்குத் தேவையான ஒரு நொதியின் வடிவம், பத்தாண்டுகளுக்கு மேலாக முயன்றும் அறிஞர்க்குப் புலப்படவில்லை. அந்நொதியின் படிகத்தில் எக்ஸ்கதிரைச் செலுத்திப் பெற்ற பதிவுகள் கையில் இருந்தன. ஆனால் அப்பதிவுகளிலிருந்து வடிவத்தைக் கணிக்க, ஏறத்தாழச் சரியான ஒரு தொடக்க மாதிரி தேவைப்பட்டது. அம்மாதிரியை எந்த முறையாலும் பெற முடியவில்லை. இறுதியில் அப்புதிர் ஃபோல்டிட் ஆடுவோரிடம் வைக்கப்பட்டது. மூன்று வாரக் காலம் அளிக்கப்பட்டது.

ஒரு குழுவைச் சேர்ந்த மூவர் அப்புதிரை அவிழ்த்தனர். முதலாமவர் பிழை மலிந்த தொடக்க வடிவத்தை எடுத்து அதன் நடுப்பகுதியைப் பெரிதும் திருத்தினார். இரண்டாமவர் அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கி, உள்ளே செறிந்திருக்கும் பக்கக் கிளைகளைச் சீராக்கினார். மூன்றாமவர் வளைவாக நின்ற ஒரு பகுதியை உரிய இடத்தில் அமைத்தார். அவ்வடிவத்தை எக்ஸ்கதிர்ப் பதிவுகளோடு ஒப்பிட்டபோது பொருந்தியது! அறிஞர் அதனைக்கொண்டு நொதியின் உண்மை வடிவத்தை நிறுவினர். 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியான ஆராய்ச்சிக் கட்டுரையில், ஆசிரியர் பெயர்களோடு விளையாட்டுக் குழுக்களின் பெயர்களும் இடம்பெற்றன. மூவருள் எவர் கண்டுபிடித்தார் என்று வினவினால் விடை கூறல் அரிது. ஒருவர் மற்றவருடைய பிழையைத் திருத்தினார். திருத்தப்பட்டவர் அதனை இழிவாகக் கருதவில்லை. அவ்வொற்றுமையே அவர்களுடைய கருவி.

அவர்கள் தாம் கண்ட வழிமுறைகளையும் மறைத்துவைக்கவில்லை. தொடர்ந்து செய்யும் செயல்களைச் சமையற் குறிப்புபோல எழுதிப் பிறருக்கு அளித்தனர். பெற்றவர் அதனைத் திருத்தி மேம்படுத்தினர். அவ்வாறு எழுந்த ஒரு குறிப்புக்கு 'புளூ ஃபியூஸ்' என்று பெயர். பேக்கரின் குழுவினர் தாமே தனியாக உருவாக்கி, அதுவரை வெளியிடாதிருந்த ஒரு கணிப்பு முறையை அது பெரிதும் ஒத்திருந்தது. ஆய்வுக்கூடத்து அறிஞரும் வீட்டிலிருந்து ஆடியோரும் வெவ்வேறு வழியே சென்று ஒரே வாயிலில் சந்தித்தனர். சான்றைப் பின்பற்றிச் செல்வோர் எத்திசையிலிருந்து வரினும் ஓரிடத்தில் கூடுதல் இயல்பே.

பின்னர் ஆடுவோர், இயற்கையில் இல்லாத புதிய புரதங்களைத் தாமே வடிவமைக்கவும் முற்பட்டனர். அவர்கள் வகுத்த வடிவங்களில் 146 ஆய்வுக்கூடத்தில் செய்து பார்க்கப்பட்டன. அவற்றுள் 56 உறுதியாக மடிந்து நின்றன என்று 2019ஆம் ஆண்டில் வெளியான கட்டுரை கூறுகின்றது. எஞ்சிய 90 நிலைபெறவில்லை. திரையில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவையும் சோதனைக் குழாயில் தோற்றன. மதிப்பெண் வேறு, உண்மை வேறு. இறுதித் தீர்ப்பு இயற்கையினுடையது என்பதை அத்தோல்விகள் உணர்த்தின. அத்தோல்விகளையும் மறைக்காமல் எண்ணிக் கூறியமையே அம்முயற்சிக்கு அறிவியல் என்னும் பெயரைத் தந்தது.

காலம் மேலும் மாறியது. 2020ஆம் ஆண்டில் 'ஆல்ஃபாஃபோல்டு' என்னும் செயற்கை நுண்ணறிவு நிரல், பல புரதங்களின் வடிவங்களை வியக்கத்தக்க நுட்பத்துடன் கணித்துக் காட்டியது. அந்நிரலை ஆக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகியோருக்கும், புதிய புரதங்களை வடிவமைத்தமைக்காக டேவிட் பேக்கருக்கும் 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மனிதர் கையால் மடித்துத் தேடிய பணியின் பெரும்பகுதியை இனிப் பொறியே செய்யும் என்பது உண்மை. எனினும் ஆடுவோர் பழகிய மனப்பழக்கத்தைப் பொறி பறித்துவிடவில்லை. எதனைக் கேட்பது, கிடைத்த விடையை எவ்வாறு சோதிப்பது, எப்பொழுது ஐயுறுவது என்பவை பொறி வலிமை பெறப் பெற மனிதருக்கு இன்னும் மிகுதியாக வேண்டப்படும் திறன்களே.

இவற்றால், திரையின் முன் அமர்வோர் யாவரும் அறிஞராவர் என்று கொள்ளலாகாது. ஆராயப்பட்ட பதிவுகளிலேயே மாதிரி அமைத்து ஆராய்ந்தவை பத்தில் ஒரு பங்குதான். விளையாட்டில் காட்டிய திறனை ஒருவர் வகுப்பறையிலும் வாழ்விலும் தாமாகவே காட்டிவிடுவார் என்பதும் உறுதியன்று. தன்னைக் கட்டுப்படுத்த இயலாமல் விளையாட்டில் மூழ்கி, உறக்கத்தையும் கல்வியையும் உறவையும் இழப்பது நோயாகவே கருதப்படுகின்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் அதற்கு இடம் தந்துள்ளது. ஆடுவோர் பலர், ஆராய்ந்து ஆடுவோர் சிலர். "வென்றேன்" என்பதோடு அமைபவருக்கு விளையாட்டு பொழுதுபோக்கு. "எதனால் வென்றேன்?" என்று கேட்டு எழுதிப் பார்ப்பவருக்கே அது பயிற்சிக்களம்.

அப்பயிற்சிக்கு விலையுயர்ந்த கணினியும் தேவையில்லை. மிதிவண்டியின் சக்கரத்தில் காற்று குறைந்தால் மிதிப்பது ஏன் கடினமாகின்றது என்று அளந்து பார்க்கும் மாணவரும், ஒரே விதையை நிழலிலும் வெயிலிலும் நட்டு நாள்தோறும் உயரத்தைக் குறிக்கும் மாணவியும் அதே நெறியில் நிற்பவரே. பத்து முறை கண்டதை ஆயிரம் முறை சரிபார்க்கும் பொறுமை, காலத்தை மறந்தீர் என்று தோழர் சுட்டினால் சினவாமல் மீண்டும் கணக்கிடும் பணிவு, நேற்றுவரை போற்றிய கருத்தைச் சான்று மறுக்கும்போது இன்று கைவிடும் துணிவு ஆகிய மூன்றும் எவருக்கும் எட்டக்கூடியவை. பெயரும் முகமும் அறியாத மூவர் ஒருவர் பிழையை ஒருவர் திருத்திக் கண்ட ஒரு வடிவம், பத்தாண்டுப் புதிரை அவிழ்த்தது. தம் பிழையைப் பிறர் காட்ட மகிழ்பவரிடம் அறிவு வளரும். அறிவியல் என்பது அம்மகிழ்ச்சியைப் பழகிக்கொள்வதே ஆகும்.